ஏழாம் நம்பர் ஆணி

உட்காருங்கள் கண்ணுகளா. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். இது தூக்கத்தைப் பற்றிய கதை. பாதியில் யாருக்காவது கண் அசந்தால் அசந்துவிட்டுப் போகட்டும். மீதியை விழித்திருப்பவர்கள் சொல்லிக் கொடுங்கள்.

ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் ஜேசுராஜ் என்று ஒரு லாரி டிரைவர். நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். எல்லாம் ஒரே முதலாளியிடம், அம்பத்தூர் அழகேசன் லாரி செட்டில். செட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டீசல் ஊறிக் கறுத்துப்போன ஒரு மைதானம், மூலையில் தகரக் கூரை போட்ட ஆபீஸ், ஆபீஸ் சுவரில் ஒரு பலகை, அந்தப் பலகையில் பதினான்கு ஆணிகள். வெளியூர் போய் வந்த டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைத் தன் வண்டிக்குரிய ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். ஆணியில் சாவி தொங்கினால் வண்டி அடுத்த லோடுக்குத் தயார் என்று அர்த்தம். எவர் கை ஓய்வாக இருக்கிறதோ அவர் எடுத்துக்கொண்டு போவார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜேசுராஜ் ஓட்டியது ஏழாம் நம்பர் வண்டி. அவர் கை ஏழாவது ஆணியை இருட்டிலும் கண்டுபிடிக்கும்.

போன வருடம் ஆடி மாதத்தில், கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம், அவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிவிட்டார். தொடர்ந்து மூன்றாவது நாள் ஓட்டம். வண்டி நடுத்தடுப்பில் உரசிக்கொண்டு போகிற சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. முன்னால் போன பால் வண்டிக்கும் இவருக்கும் நடுவே இரண்டு முழம் இருந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு விளக்குக் கம்பம் சாய்ந்ததோடு சரி. வீட்டுக்கு வந்து மனைவி அருள்செல்வியிடம் அதைச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறார். ஏனென்றால் அன்றிலிருந்து, அவர் வண்டியில் போன ராத்திரிகளில், அவளும் தூங்குவதை விட்டுவிட்டாள்.

அருள்செல்விக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனியில் வேலை. ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டுக் காலையில் போய் மெஷினில் உட்கார்ந்தால் துணி இரண்டு இரண்டாகத் தெரியும். ஒரு நாள் ஊசி விரலோடு சேர்த்துத் தைத்துவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு வந்து உட்கார்ந்து அவள் சொன்னாள்:

“நீ முழிச்சிகினு கீறே, நானும் முழிச்சிகினு கீறேன். ரெண்டு பேரு தூக்கத்த ஒரு சம்பளத்துக்கு வித்துகினு கீறோம்யா.”

அழகேசன் பழைய வண்டிகளை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் ஏழாம் நம்பர் வண்டியை இவர்களே வாங்கினார்கள். அவள் சங்கிலி போனது, மீதிக்கு பைனான்ஸ். பணக்காரர் ஆகிற ஆசை எல்லாம் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் ஒரே வீட்டில் படுக்க வேண்டும். அதற்காகத்தான் ஆர்.சி. புத்தகத்தில் ஜேசுராஜ் என்று பேர் ஏறியது.

ஆனால் சொந்த வண்டி வாங்குவது பாதி வேலைதான். லோடு கொடுக்க ஒரு கம்பெனி வேண்டும். வண்டி நம்முடையது, ஓட்டுவதும் நாம், சரக்கு அவர்களுடையது. அதை ‘அட்டாச்’ போடுவது என்பார்கள். எந்தக் கம்பெனியில் போடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி.

முதலில் பூந்தமல்லியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனார். ஏ.சி. அறையில் ஸ்ரீகாந்த் என்ற ஒரு தம்பி, சார் சார் என்று மரியாதையாகப் பேசினான். மாதம் இத்தனை கிலோமீட்டர் நிச்சயம் என்றான், எழுதியே கொடுப்போம் என்றான். ஜேசுராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு வெளியே வந்து வண்டிகள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். வண்டிக்கும் வண்டிக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். துணி காய்ந்து விறைத்து, அதன் மேல் புழுதியும் படிந்திருந்தது. எத்தனை நாளாக லோடுக்காக நிற்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவர் மற்றதைச் சொன்னார். லோடு ஏறிவிட்டால் வண்டி எங்கேயும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாதாம். நின்றால் ஆபீசிலிருந்து போன் வருமாம். வயிறு சரியில்லை என்றாலும் காரணம் சொல்ல வேண்டுமாம். ஜேசுராஜ் அந்தத் தம்பியிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டார்.

அழகேசன் கூப்பிட்டு, நம்ம செட்டிலேயே போட்டுவிடு, வேறு எங்கே போவாய் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரிடம் இருப்பதெல்லாம் ஆந்திராவுக்கும் வடக்கேயும் போகிற ராத்திரி லோடு. யோசித்துச் சொல்கிறேன் என்று ஜேசுராஜ் தள்ளிப்போட்டார்.

மூன்றாவதாகத்தான் ஜமீலா அக்காவைப் பார்த்தார். எஸ்டேட்டில் ஒரு ஒற்றை அறை ஆபீஸ். ஒரு தொழிற்சாலையின் வார்ப்பு சாமான்களை ஒரகடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. பதினோரு வண்டிகள், எல்லாம் ஓட்டுகிறவர்களுக்கே சொந்தம். காலை ஆறரைக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும், சாயந்திரம் ஏழுக்குள் வீடு. வாடகை மற்ற இடங்களைவிடக் குறைவு, அதை அந்த அம்மாவே முதலில் சொல்லிவிட்டது. ஒரு இடம் காலி. திங்கட்கிழமை ஆறரைக்கு வண்டியோடு, ஓட்டை இல்லாத தார்ப்பாயோடு வந்தால் வாசல் பாஸ் ஜேசுராஜ் பேருக்கு. வராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. காரணம் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

வீட்டில் வந்து சொன்னபோது அருள்செல்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், ராத்திரி உண்டா என்று. இல்லை என்றார். அவள் எழுந்துபோய் நாட்காட்டியில் அந்தத் திங்கட்கிழமையை மடித்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் சாமியார் வந்து வண்டியை மந்திரித்துத் தருவதாகப் பேச்சு. மாலைக்கும் சொல்லியாயிற்று.

சனிக்கிழமை சாயந்திரம் ஜேசுராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு அழகேசன் செட்டுக்குப் போனார். அவருடைய தார்ப்பாயில் ஓட்டை. செட்டு கோடவுனில் நல்ல பாய் ஒன்று கிடக்கிறது, எடுத்துக்கொள் என்று அழகேசன் சொல்லியிருந்தார். ஆபீஸ் கணக்குப்பிள்ளை வேலுசாமியும் இவரும் சேர்ந்து பாயை உதறி மடித்து வண்டி மேலே ஏற்றினார்கள். டீ வந்தது. முத்தாபுதுப்பேட்டைச் சந்தில் லாரி நுழையாது. அதனால் ராத்திரி வண்டி இங்கேயே நிற்கட்டும், காலையில் வந்து கோயிலுக்கு எடுத்துப் போகிறேன் என்றார். வேலுசாமி யாருடனோ போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். காதில் விழுந்ததோ என்னவோ. ஜேசுராஜ் குழாயில் முகம் கழுவினார், துண்டால் துடைத்தார், ரயிலைப் பிடித்து ஆவடிக்கு வந்தார். நடுவே இன்னொரு காரியமும் செய்தார். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை.

ஞாயிறு காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவரிடம் அருள்செல்வி சாவி எங்கே என்று கேட்டாள். மந்திரிக்கும்போது சாவியையும் தட்டில் வைக்க வேண்டுமாம்.

“செட்ல கீது. ஆணில மாட்டிட்டு வந்தேன்,” என்றார்.

பொத்தான் போட்டுக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“உன் வண்டி சாவிய அவங்க ஆணில எதுக்குயா மாட்டினே?”

கடைசிப் பொத்தானைப் போடாமலே அவர் கிளம்பினார்.

செட்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது. ஆபீசில் ஏழாவது ஆணி மொட்டையாக இருந்தது. வேலுசாமி பதறவே இல்லை. ராத்திரி விஜயவாடாவுக்கு அவசர லோடு வந்தது, மற்ற வண்டியெல்லாம் அதற்குள் லோடில் போய்விட்டது, ஏழாவது ஆணியில் சாவி தொங்கியது, கார்த்திகேசனிடம் கொடுத்து அனுப்பினேன் என்று ஒப்பித்தார்.

“அது இப்ப என் வண்டி வேலு.”

“எனக்குத் தெரியும் அண்ணாத்தே. ஆணிக்குத் தெரியுமா? சாவி தொங்குனா லோடுன்னு இருபது வருஷம் முன்னாடி எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்.”

ஜேசுராஜுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும் அல்லவா. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. அவர் கைதான் அவரைக் கேட்காமல் இருபத்திரண்டு வருடப் பழக்கத்தைச் செய்துவிட்டது. முகம் கழுவுவதற்கு முன்பா பின்பா என்றுகூட ஞாபகம் வரவில்லை.

நாளைக் காலை ஆறரைக்கு வண்டி வேண்டும் என்பதை அவர் சொன்னதும் வேலுசாமிக்கே சங்கடமாகிவிட்டது. அழகேசனுக்குப் போன் போட்டார். அவரும் வீட்டு லுங்கியோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஜேசுராஜை உட்காரச் சொன்னார். அந்த ஆபீசில் ஜேசுராஜ் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“இப்ப இன்னா கெட்டுப்போச்சு? வாடகை உனக்கு. திரும்புற லோடுக்குக் காத்திருக்க வாணாம், எறக்கிட்டுக் காலியாவே வான்னு கார்த்திகிட்ட சொல்லிர்றேன். எங்கயும் நிக்காம வந்தான்னா நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு வண்டி இங்க. நீ ஊட்டுக்குப் போய்த் துன்னுட்டுத் தூங்கு ஜேசு. ஓனர்னா அதான்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வேலுசாமி தாளில் போட்டும் காட்டினார். மத்தியானம் இரண்டு மணிக்கு இறக்கினால், மூன்று மணிக்குக் கிளம்பினால், எங்கும் நிற்காமல் வந்தால். ஜேசுராஜ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். போய்த் தூங்கு என்று ஒரு முதலாளி சொல்ல இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், அவருக்கு அது பிடித்திருந்தது. உடம்பு முழுக்க அந்த வார்த்தைக்குச் சரி என்றது. நாளைக்கு ஆறரைக்கு வாசலில் நிற்கலாம், பாஸ் கிடைக்கும், அதன் பிறகு எல்லா ராத்திரியும் வீடு.

எழுந்திருக்கப் போனவர், கார்த்தி எப்போது கடைசியாகத் தூங்கினான் என்று கேட்டார். சும்மா, வாய்தவறிக் கேட்ட மாதிரி. அழகேசன் வேலுசாமியைப் பார்த்தார். நேற்று சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் சேலத்திலிருந்து வந்தான் என்றார் வேலுசாமி. அதற்கு முந்தின நாள் ஓசூர். எட்டு மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இடையில் வீட்டுக்குப் போனானா என்றால், போகவில்லை.

ஜேசுராஜ் போனை எடுத்தார். நிற்காமல் வா என்று சொல்லத்தான் எடுத்தார், அதில் அவருக்கே சந்தேகம் இல்லை.

கார்த்திகேசன் உடனே எடுத்தான். ஓங்கோலுக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது, நன்றாக ஓட்டுவான். ஆனால் போனில் கேட்ட குரல் ஜேசுராஜுக்குத் தெரிந்த குரல். கேள்வி முடியுமுன்னே பதில் சொன்னான். சொன்னதையே திரும்பச் சொன்னான். ஒன்றுமில்லாததற்குச் சிரித்தான். கண்ணாடியை முழுக்க இறக்கி விட்டிருந்தான், காற்று இரைந்தது. வாயில் எதையோ நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தான். தூக்கத்தை விரட்டப் பச்சை மிளகாய். கிருஷ்ணகிரியில் இவரும் அதைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஓரங்கட்டு கார்த்தி,” என்றார்.

ஏன் என்று கேட்டான். லோடு இரண்டு மணிக்கு இறங்கியாக வேண்டும், மொதலாளி கத்துவார் என்றான்.

“நான்தான்டா மொதலாளி. டீக்கடை, பெட்ரோல் பங்க், எது வருதோ அங்க ஓரங்கட்டு. சாவிய எடுத்து சட்டப் பையில போட்டுக்கோ. தூங்கு. யாரு போன் பண்ணாலும் எடுக்காத. நானே பண்ணாலும் எடுக்காத.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுதான் கேட்டது. பிறகு காற்று குறைந்தது. ஏழாம் நம்பர் வண்டியை அணைத்தால் கடைசியாக ஒரு தடவை இருமிவிட்டுத்தான் நிற்கும். அந்த இருமல் கேட்கும்வரை ஜேசுராஜ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அழகேசன் லுங்கியை மடித்துக் கட்டினார். சரக்குக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று வேலுசாமியிடம் மெல்லப் பேச ஆரம்பித்தார். ஜேசுராஜ் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மாலை ஈரத்துணிக்குள் இருந்தது. பூசை எப்போதோ முடிந்து, சாமியார் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜேசுராஜ் நடந்ததை எல்லாம் சொன்னார், ஆணியிலிருந்து இருமல் வரை. அருள்செல்வி மடித்து வைத்த நாட்காட்டித் தாளைப் பார்த்தாள். அவளுக்கு வருத்தம் இல்லாமலா இருக்கும்? போன சங்கிலி அவளுடையது. திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அந்தத் தாளின் மடிப்பை நீவிவிட்டுக் கேட்டாள்:

“அந்தப் புள்ளைக்குப் பொண்டாட்டி கீதா?”

இருக்கிறாள், சித்ரா, திருநின்றவூரில் என்றார்.

“அதுவும் தூங்கியிருக்காது. நம்பர் குடு.”

முன்பின் பார்த்திராத பெண்ணோடு அருள்செல்வி பேசினாள். உன் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார், அதனால்தான் போனை எடுக்க மாட்டார், பயப்படாதே, நீயும் கொஞ்சம் படு என்றாள். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. இவளும் அழுதாள், பிறகு போனை வைத்துவிட்டு உலை வைத்தாள்.

திங்கட்கிழமை ஆறரைக்கு ஜேசுராஜ் தொழிற்சாலை வாசலுக்குப் போனார், வண்டி இல்லாமல். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டியலில் பேர் எழுதின அம்மாவிடம் முகத்தைக் காட்டிச் சொல்வதுதான் முறை என்று பட்டது. அதற்குள் வேறு ஒருவரின் வண்டி வாசலில் நின்றது, முன்கண்ணாடியில் பாஸ் ஒட்டியாயிற்று. ஜமீலா அக்கா காரணம் கேட்கவில்லை. இவராகத்தான் சொன்னார். ஆணி விஷயத்தைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பாஸ் போய்விட்டது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது தம்பி என்றது அந்த அம்மா. நோட்டை எடுத்து அவர் பேரைக் கடைசியில் எழுதியது. அவருக்கு முன்னால் நாலு பேர். எப்போது வரும் என்று கேட்டார். ஒரு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்றது. டீ வாங்கிக் கொடுத்தது. அவர் கிளம்பும்போது, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னது:

“உன் தார்ப்பாய நான் இன்னும் பாக்கல. பத்திரமா வெச்சுக்கோ தம்பி. மழையில நனைய வுடாத.”

அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதா, சும்மா சொன்ன வார்த்தையா என்று ஜேசுராஜுக்குப் புரியவில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, ஆவடி வந்தது தெரியாமல் தூங்கித் திருநின்றவூர் வரை போய்த் திரும்பினார்.

செவ்வாய் மத்தியானம் வண்டி வந்தது. கார்த்திகேசன் முகம் தெளிந்திருந்தது. ஏழு மணி நேரம் அசையாமல் தூங்கினேன் அண்ணே, எழுந்தபோது எந்த ஊர் என்றே தெரியவில்லை என்றான். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜேசுராஜ் உள்ளங்கையில் வைத்தான். ஏழாவது ஆணியில் அதற்குள் வேறு ஒரு வண்டியின் சாவி தொங்கியது.

வேறு கம்பெனி எதையும் ஜேசுராஜ் தேடவில்லை. அந்த நோட்டில் கடைசியாக இருந்தாலும் அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார். அதுவரை வண்டியை வெள்ளானூரில் ஒரு காலி மனையில் நிறுத்த இடம் பேசி வைத்தார். பகலில் ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் போய் நிற்பது என்று பேச்சு. மாற்றலில் போகிற குடும்பங்களின் கட்டிலும் பீரோவும் பூந்தொட்டிகளும் ஏற்ற அங்கே லாரி தேவைப்படும். சில நாள் கிடைக்கும், சில நாள் சும்மா நிற்க வேண்டியிருக்கும். பைனான்ஸ்காரர் மாதத் தவணைக்கு வருவார், அதுவும் இருக்கிறது.

அன்று சாயந்திரம் அருள்செல்வி வேலை விட்டு நேராக வெள்ளானூருக்கு வந்தாள், வாடிய மாலையோடு. ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுசு வாங்கிக்கொள்ளலாம், இதை வீணாக்குவானேன் என்று வண்டியின் முகப்பில் கட்டினாள். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். மத்தியானத்துச் சோறு இருந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் சாய்ந்தார், அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டாள். பதில் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டிருந்தார். மேல்பை சாவி கனத்தில் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. மணி எட்டு ஆகவில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விளக்கை அணைக்கவும் போகாமல், பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.